எல் இல்லாத கோலா சிலாங்கூர்

எங்கள் வீட்டில் பண்டிகை நெருங்கிவிட்டது என்பதற்கு இரண்டு அடையாளங்கள். மனைவி அலமாரிக்கு மேலிருந்து முறுக்கு அச்சை இறக்குவாள். நான் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியை எடுப்பேன். முறுக்குப் பிழிய மணிக்கட்டில் பலம் வேண்டும். அது எனக்கு இல்லை என்று கல்யாணமான புதிதிலேயே தீர்ப்பாகிவிட்டது. பலகாரம் சுடும்போது அடுப்பங்கரையில் நின்றால் எண்ணெய் குடிக்கும் என்றும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. ஆகவே எனக்கு ஒதுக்கப்பட்ட துறை வாழ்த்துச் செய்தி. மற்றவர்கள் புலனக் குழுக்களில் குத்துவிளக்குப் படம் அனுப்புவார்கள். என் வாழ்த்தில் ஒரு சிலேடையாவது இருக்கும். படிப்பவர் சிரிக்கவேண்டும் என்று முன்பு ஒரு விதி வைத்திருந்தேன்; யாரும் ஒத்துழைக்காததால் நீக்கிவிட்டேன்.

இந்தத் துறைக்கு நம் நாட்டில் ஓய்வு கிடையாது. பொங்கல் பானையைக் கழுவி வைப்பதற்குள் தைப்பூசம், அது முடிந்ததா இல்லையா என்று பார்ப்பதற்குள் சீனப் புத்தாண்டு. நோன்புப் பெருநாள் ஆண்டுக்கு ஏறக்குறைய பதினொரு நாள் முன்னால் நகர்ந்து யாரோடு வேண்டுமானாலும் மோதும். பிறகு விசாக தினம், தீபாவளி, கிறிஸ்துமஸ். கோலா சிலாங்கூரில் எதையும் தள்ளிவிட முடியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனாம்பாங்கில் சீன மீனவர்கள். சுற்றிலும் மலாய்க் கம்பங்கள். புக்கிட் ரோத்தான், ஈஜோக், ராஜா மூசா என்று உள்பக்கம் போனால், தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த நம்மவர்கள். எல்லாருக்கும் வாழ்த்து அனுப்பவேண்டும், எல்லாரையும் சிரிக்க வைக்கவேண்டும். முதலாவது மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு சரக்கு கிடைத்தது. ஆங்கிலேயர்கள் நெடுங்காலமாகச் சொல்லிச் சிரிக்கிற சங்கதி. அட்டையில் வாழ்த்து என்று ஒரு வார்த்தையும் இருக்காது. ஏ, பி, சி என்று எழுத்துகளை வரிசையாக எழுதி, கே-க்குப் பிறகு எம்முக்குத் தாவி, இசட்டில் முடித்திருப்பார்கள். நடுவில் எல் இல்லை. எல் இல்லை என்றால் ஆங்கிலத்தில் 'நோ எல்'. சேர்த்துச் சொன்னால் நோயல், அதாவது கிறிஸ்துமஸ். அருமை என்று துள்ளிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய் மனைவியிடம் கைப்பேசியை நீட்டினேன்.

அவள் ஏ-யிலிருந்து இசட் வரை அரிசியில் கல் பொறுக்கும் கண்ணோடு பார்த்தாள். "எல்லைக் காணோம்" என்றாள்.

"அதான். நோ எல்!"

"எல் இல்லைன்னா பரீட்சையில பாஸாயிட்டான்னு அர்த்தம். அப்ப பி எங்க?"

மகன் அப்போது கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான். பயிற்சிக் காரின் முன்னும் பின்னும் சிவப்பு எல். பரீட்சையில் தேறினால் எல் போய் பி வரும்; அந்த பி இரண்டு வருடம் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டில் எல் என்ற எழுத்துக்கு அந்தக் காலத்தில் வேறு பொருளே கிடையாது. அது போனால் மகனே வண்டியெடுத்து மார்க்கெட்டுக்குப் போய்வருவான் என்று அவள் நேர்ந்துகொண்டிருந்தாள். நான் விளக்கம் சொல்லி முடித்தபோது அவள் இரண்டு ஈடு முறுக்கு எடுத்திருந்தாள். விளக்கம் சொன்ன நகைச்சுவை என்ன கதியாகும் என்பது தெரிந்ததுதானே.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குள் இருக்கும் அறிஞர் விடவில்லை. ஆங்கிலத்தில் முடிந்தது தமிழில் முடியாதா? தீபாவளிக்கு இப்படி ஒரு அட்டை தயாரித்தால் என்ன?

முதல் சிக்கல் எண்ணிக்கை. ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்து, ஒன்றைத் தூக்கினால் வேலை முடிந்தது. தமிழில் 247. எல் என்று நினைத்துத் தூக்கப்போனால் ல, ள, ழ என்று மூன்று பேர் எழுந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மெய் ஒன்று, உயிர்மெய் பன்னிரண்டு, ஆகப் பதின்மூன்று; மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து 39. மீதி 208 எழுத்தையும் ஓர் அட்டையில் எழுதி, இதில் என்ன இல்லை கண்டுபிடியுங்கள் என்று கேட்டால், அடுத்த தீபாவளிக்குத்தான் பதில் வரும்.

இரண்டாவது சிக்கல் எழுத்தின் குணம். ஆங்கிலத்தில் அந்த எழுத்தின் ஒலி வேறு, பெயர் வேறு. வார்த்தைக்குள் நாக்கின் நுனியில் நிற்பது, தனியாகக் கூப்பிட்டால் 'எல்' என்று இன்னொரு ஆளாக வருகிறது. அந்த இடுக்கில்தான் அவர்களுடைய நகைச்சுவை பிழைக்கிறது. நம் 'ல' எங்கே கூப்பிட்டாலும் 'ல'தான். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசத் தெரியாத எழுத்து.

மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. தீபாவளியை ஆங்கில எழுத்தில் எழுதி எல்லை எடுத்துப் பாருங்கள். எல் மட்டும் போகும். அதன் பக்கத்திலிருந்த ஐ அங்கேயே நின்று முன்னாலிருக்கும் ஏ-யோடு ஒட்டிக்கொள்ளும். 'தீபாவை' ஆகிவிடும். "தீப்பாவை! சினிமா பேர் மாதிரி இருக்குப்பா" என்றாள் மகள். தமிழில் எடுத்தால் ளகரம் தனியாக வருவதில்லை. தோளில் உட்கார்ந்திருக்கும் இகரத்தையும் தூக்கிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது 'தீபாவ'. தீ, பாவ... அதற்குமேல் பேச்சில்லை. நல்ல நாளும் அதுவுமாக வாசலில் எழுதி வைக்கிற வாசகமா அது? பொங்கல் மட்டும் தப்பித்தது. கடைசி ல்லை எடுத்தாலும் 'பொங்க' என்று நிற்கிறது. பானையும் அதைத்தானே செய்கிறது.

பண்டிகையை விட்டு ஊருக்கு வந்தேன். கோலா சிலாங்கூரில் இரண்டு லா. எடுத்தால் 'கோ சிங்கூர்'. சிங்கப்பூருக்குக் கிளம்பிய பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டாற்போல் ஓர் ஊர். ஆனால் ஒன்று கவனித்தேன். மாவட்டத்தின் பெயரில்தான் இரண்டு எல்; ஊர்களைப் பாருங்கள்: ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், அசாம் ஜாவா, பாசிர் பெனாம்பாங், தஞ்சோங் காராங், செகிஞ்சான், இன்னும் வடக்கே சுங்கை பெசார், சபாக் பெர்ணம். எதிலும் எல் கிடையாது. புஞ்சாக் ஆலாமில் ஒன்று இருக்கிறது, அது நேற்று முளைத்த ஊர். மெலாவத்தி குன்றில் ஒன்று, பழைய கோட்டைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் துணையாக, குரங்குகளின் பாதுகாப்பில். மற்றபடி வட சிலாங்கூரே பெரும்பாலும் நோயல் வட்டாரம். இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் உறவினர் குழுவில் போட்டேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் விழவில்லை.

எல்லை எடுத்தால் நம் நாட்டில் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 'லா' போய்விடும். வா லா, போ லா, சரி லா, சும்மா இரு லா. மலாய்க்காரர், சீனர், நம்மவர் மூன்று பேரும் சேர்ந்து ஒரே எழுத்தில் வாக்கியத்தை முடிக்கிற நாடு இது. பாராளுமன்றத்தில் ஒத்துப்போகாதவர்கள் லா-வில் ஒத்துப்போகிறார்கள். கிறிஸ்துமஸுக்காக அதைப் பிடுங்கினால் மீன் சந்தையில் பேரமே நின்றுபோகும்.

என் அடையாள அட்டையும் பாதிக்கப்படும். மலேசியாவில் தமிழ் ஆண்பிள்ளையின் பெயருக்கும் அவன் அப்பா பெயருக்கும் நடுவில் 'ஏ/எல்' என்று இருக்கும். 'அனாக் லெலாக்கி', மகன் என்று பொருள், பெண்களுக்கு 'ஏ/பி'. தமிழில் எழுதும்போது த/பெ என்று போடுவோம். இந்த நாட்டில் ஆண்பிள்ளை என்பதற்கு எனக்கு இருக்கிற எழுத்துபூர்வமான ஒரே ஆதாரம் அந்த எல். வீட்டில் அதற்கு வேறு ஆதாரம் கேட்டால் நான் தடுமாறுவேன். வெளிநாட்டுக்கு விமானச்சீட்டு வாங்கும்போது நடுவிலிருக்கும் சாய்கோட்டை அவர்கள் விட்டுவிடுவதுண்டு. 'ஏ/எல்' அப்போது 'அல்' ஆகிவிடும். இன்னார் அல் இன்னார். எண்ணெய்க் கிணறுகளோடு பிறந்த அரபு ஷேக் போல அச்சாகியிருக்கும். எங்கள் குடும்பத்துக்கு எண்ணெயோடு உள்ள தொடர்பு செம்பனைக் குலை வெட்டியதோடு சரி.

என் பெயரில் ஒரு ழ உண்டு. அது ஆங்கிலத்துக்குப் போன கதை தனி. அப்பா காலத்தில் பெயர் பதிவது தோட்டத்து ஆபீஸ் கிராணியின் கையில் இருந்தது. கிராணிமார்களில் யாழ்ப்பாணத்தவர் உண்டு, மலையாளிகள் உண்டு. ஆளுக்கு ஒரு காது, ஆளுக்கு ஓர் ஆங்கிலம். பிரட்டுக்களத்தில் இருட்டோடு பெயர் கூப்பிடுவார்கள். மங்கும் வாளியுமாக நிற்பவர் 'வந்தேன்' என்பார். செக்ரோலில் எப்படி எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்க்க அவருக்கு ஆங்கிலம் தெரியாது. லெட்சுமி என்று ஒரு பெண் பிறந்தால், நடுவில் எத்தனை மெய், கடைசியில் ஐ-யா ஒய்-யா என்பது அன்றைய கிராணியின் மனநிலையைப் பொறுத்தது. ஒரே லயத்தில் அக்கா ஒரு லெட்சுமி, சித்தி ஒரு லெட்சுமி, மாமியார் ஒரு லெட்சுமி. கூப்பிட்டால் மூவரும் திரும்புவார்கள், அடையாள அட்டையைப் பார்த்தால் மூவரும் வேறு வேறு குலம். ஏழுமலை என்று பெயர் வைத்தவர்களைப் பாருங்கள். தமிழில் அதில் ழ ஒன்று, ல ஒன்று. ஆங்கிலத்தில் இரண்டும் எல்லாகி, சிறப்பு ழகரத்தின் சிறப்பெல்லாம் போய்விட்டது. இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்கு இசட், எச் போட்டு ழகரத்தைக் காப்பாற்றுகிறார்கள். காப்பாற்றப்பட்ட ழகரத்தை மலாய் ஆசிரியர் எப்படிக் கூப்பிடுகிறார் என்று பிள்ளையிடம் கேட்டால், பிள்ளை சொல்லிக் காட்ட மறுக்கிறது.

நாமும் மற்றவர்கள் பெயரை அப்படித்தான் நடத்துகிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. இந்த மாநிலத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர் வாயில் அது 'சிலாஙோர்'. நடுவில் மூக்கொலி மட்டும்தான், ககரமே கிடையாது. நாம் 'சிலாங்கூர்' என்று ஒரு ககரத்தை உள்ளே வைத்துவிட்டோம். ஆற்றைக் குறிக்கும் 'சுஙை'யும் அப்படித்தான், 'சுங்கை' ஆகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மலாய் ஒலிக்கென்றே அளவெடுத்துத் தைத்த எழுத்து நம்மிடம் இருக்கிறது. ங, ஙா, ஙி, ஙீ என்று தமிழ்ப்பள்ளியில் பன்னிரண்டையும் ராகம் போட்டு ஒப்பித்தோம். ஒப்பித்ததோடு சரி. படித்து முடித்து வேலை கிடைக்காத பன்னிரண்டு பேர். உலகத்தில் அவர்களுக்கு வேலை கொடுக்கக்கூடிய ஊர்களில் ஒன்று சிலாங்கூர்; சிலாங்கூர்த் தமிழர்களான நாம் அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டோம்.

மலாய்க்காரர் இதில் கறார். அவர்கள் எழுத்துமுறைப்படி என்-ஜி இரண்டும் சேர்ந்தால் மூக்கொலி மட்டுமே. 'பொங்கல்' என்று நாம் சொல்கிறபடி வரவேண்டுமானால் இன்னொரு ஜி வேண்டும். அதனால்தான் இங்கே பொங்கல் வாழ்த்துப் பதாகைகளில் இரண்டு ஜி போட்டு எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். எழுத்துப்பிழை என்று நான் பலமுறை உச்சுக்கொட்டியிருக்கிறேன். அது பிழையில்லை, மரியாதை. தைப்பூசத்தின் கதை வேறு. தை ஆங்கிலத்தில் 'தாய்' போல எழுதப்பட்டு, பத்துமலைக்கு வருகிற வெள்ளைக்காரப் பயணி இது தாய்லாந்துத் திருவிழாவா என்று கேட்கிறார்.

பெயர்க் குழப்பத்துக்கு நம் வட்டாரத்தில் ஒரு தாய்வீடு உண்டு. பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டம், பெயர் தென்னமரம். ஆங்கில எழுத்தில் அப்படியே 'தென்னமரம்' என்றுதான் இருக்கிறது. அங்கே 1917-இல் ஆன்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலாயாவில் அதுதான் முதல் தடவை. இன்று நாடு முழுக்க நிற்கிற செம்பனைக்கெல்லாம் தொடக்கம் நம் பக்கத்துத் தென்னமரம். பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை, முதலாளி பிரெஞ்சு, கணக்கு ஆங்கிலத்தில், வியர்வை தமிழில். அந்த மனிதர் பிறகு 'மலேஸி' என்று ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் வாங்கினார். நோயல் என்பது பிரெஞ்சுச் சொல். ஆகவே கிறிஸ்துமஸ் அன்று அந்தத் தோட்டத்து பங்களாவில் அது ஒலித்திருக்கும். ஆனால் என் 'நோ எல்' அட்டையை அவரிடம் நீட்டியிருந்தால் அவரும் என் மனைவி பார்த்த பார்வையைத்தான் பார்த்திருப்பார். பிரெஞ்சில் 'நோ' என்றால் இல்லை என்று ஆகாது. சொல் பிரெஞ்சுக்காரருடையது, சிரிப்பு ஆங்கிலேயருடையது. அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரருக்கே புரியாத நகைச்சுவையை முறுக்குச் சுடுகிறவளிடம் எதிர்பார்த்தது என் பேராசை.

பெஸ்தாரி ஜெயா என்கிற பெயரும் 2007-இல் வைத்ததுதான். அதற்கு முன் பத்தாங் பெர்ஜுந்தாய். மலாயில் தொங்குகிற தண்டு என்று பொருள்; வேறு மாதிரியும் கேட்கும் என்பதால் மாற்றினார்கள். தோட்டத்துக் கிழவிகள் இன்றும் "பத்தாங்குக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் கள்ளங்கபடமில்லாமல் சொல்கிறார்கள். மாற்றிய பெயரிலும் எல் இல்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

சிலேடையில் நான் தோற்றுப்போனது சீனர்களிடம்தான். அவர்களுடைய புத்தாண்டே சிலேடையால் கட்டியது. கதவில் நற்பேறு என்று பொருள்படும் 'ஃபூ' எழுத்தைத் தலைகீழாக ஒட்டுவார்கள். தலைகீழ் என்பதற்கும் வந்துவிட்டது என்பதற்கும் மாண்டரினில் ஒரே ஒலி. ஆகவே ஒட்டியவர் "பேறு தலைகீழாக இருக்கிறது" என்றால் கேட்பவர் காதில் "பேறு வந்துவிட்டது" என்று விழும். அன்னாசிக்கு ஹொக்கியனில் 'ஓங் லாய்'. வளம் வருகிறது என்பதற்கும் அதே ஒலி. அதனால்தான் சீனப் புத்தாண்டு வந்தால் கடை வாசல்களில் அன்னாசி தொங்குகிறது. நாலு என்பது சாவு என்று ஒலிப்பதால் புதுத் தாமான்களில் மூன்றாம் எண் வீட்டுக்கு அடுத்தது 3ஏ. பாசிர் பெனாம்பாங்கில் நான் மீன் வாங்குகிற தவுக்கே எந்த அட்டையையும் தயாரிப்பதில்லை. ஒரு பழத்தைக் கட்டித் தொங்கவிடுகிறார். சிலேடை முடிந்தது, சாப்பிடவும் ஆயிற்று. நான் ஓர் எழுத்தைக் காணாமல் அடித்துவிட்டு நாள் முழுக்க விளக்கம் சொல்கிறேன்.

"அன்னாசி வாங்கிட்டு வாங்க, பச்சடி வைக்கலாம்" என்றாள் மனைவி, இதைக் கேட்டுவிட்டு. அவளுக்குச் சிலேடை புரிந்ததா, பச்சடிதான் புரிந்ததா தெரியவில்லை.

பண்டிகைகள் மோதிக்கொள்ளும் ஆண்டுகளில் பெயர்களையும் ஒட்டவைத்து விளையாடியிருக்கிறோம். 1996, 97, 98 மூன்று ஆண்டும் சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்தன. சீனர்களின் வாழ்த்தான 'கோங் சீ'யையும் மலாய்க்காரரின் ராயாவையும் சேர்த்து 'கொங்சி ராயா' என்றார்கள். கொங்சி என்றால் மலாயில் பகிர்ந்துகொள்வது என்றும் ஆகும், தோட்டத்தில் நமக்கும் தெரிந்த சொல். 2005-இல் நவம்பர் 1 தீபாவளி, 3 பெருநாள். 2006-இல் அக்டோபர் 21 தீபாவளி, 24 பெருநாள். அதற்கு 'தீபராயா'. தமிழில் எழுதிப் பார்த்தால் கிருஷ்ணதேவராயருக்கு ஒன்றுவிட்ட தம்பி. எங்கள் பாட்டி கடைசி வரைக்கும் 'ஹரி ராயா'வைப் பெருமாள் சம்பந்தப்பட்ட விசேஷம் என்றே நம்பினார். மலாயில் ஹரி என்றால் நாள் என்று எடுத்துச் சொன்னோம். "எல்லா நாளும் அவன் நாள்தானே" என்று முடித்துவிட்டார். 2029 பிப்ரவரியில் கொங்சி ராயா மறுபடி வருகிறது. இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்; வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

எழுத்துகள் ஒன்றுக்கொன்று உதவி செய்துகொண்ட ஓர் இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. அரபியில் ஃபகரம் உண்டு, பகரம் கிடையாது. தமிழில் பகரம் உண்டு, ஃபகரம் கிடையாது. மலாய்க்காரர் ஜாவி எழுத்துக்கு அரபியை எடுத்துக்கொண்டபோது, ஒரு புள்ளி வைத்த ஃபகரத்துக்கு மூன்று புள்ளி வைத்துப் பகரம் ஆக்கினார்கள். நாம் பகரத்துக்கு முன்னால் ஆய்தத்தை நிறுத்தி ஃபகரம் ஆக்கினோம். ஆய்தத்துக்கும் மூன்று புள்ளி! தீபாவளியை ஜாவியில் எழுத அவர்களுக்கு மூன்று புள்ளி வேண்டும். நோன்புப் பெருநாளின் மலாய்ப் பெயரான ஐடில்ஃபித்ரியைத் தமிழில் எழுத நமக்கும் மூன்று புள்ளி வேண்டும். இதைப் பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து தாளில் எழுதிக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு தட்டு லெமாங் கொண்டுவந்து கொடுத்தார். பசியில் பேசுகிறேன் என்று நினைத்திருக்கலாம்.

ஓர் எழுத்தை விடுவது பெரிய வித்தை என்று நினைக்கிறவர்களுக்கு நம் சிவப்பிரகாசரை ஞாபகப்படுத்தவேண்டும். பதினேழாம் நூற்றாண்டுக்காரர். திருச்செந்தூரில் ஒரு புலவரோடு போட்டி வந்தபோது, உதடு உதட்டோடு ஒட்டாமல் ஓர் அந்தாதியே பாடி வென்றார் என்பார்கள். திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி. ப, ம, வ கிடையாது. உதடு குவிகிற உ, ஊ, ஒ, ஓ, ஔ-வும் கிடையாது. அதன்மேல், ஒரே எழுத்துத்தொடர் பொருள் மாறித் திரும்பத் திரும்ப வரும் யமகம் வேறு. ஆங்கிலேயர் ஓர் எழுத்தை விட்டுவிட்டு அட்டை அச்சடிக்கிறார்கள். இவர் இரண்டு உதட்டையும் கழற்றி வைத்துவிட்டுப் பாடியிருக்கிறார்.

உடனே நம் பண்டிகைகளை அந்தத் தராசில் வைத்தேன். தீபாவளியில் பா, வ இரண்டுக்கும் உதடு ஒட்டும், உரசும், தோற்றது. பொங்கல், தைப்பூசம், நவராத்திரி, கிறிஸ்துமஸ், விசாகம் எல்லாம் தோற்றன. நோன்புப் பெருநாளில் பாதிக்குமேல் உதடு. தேறியவை கார்த்திகை, சித்திரை. பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், 'ஹரி ராயா'! சொல்லிப் பாருங்கள், உதடு அசையவே அசையாது. சூடான ரெண்டாங் வாயில் இருக்கும்போதும் சொல்லலாம். 'செலாமாட்' என்று முன்னால் சேர்த்தால் மட்டும் மகரம் வந்து கெடுத்துவிடும். இந்தக் கண்டுபிடிப்பை வீட்டில் பரிசோதிக்க விரும்பி, மனைவியை உதட்டை ஒட்டாமல் பேசிக் காட்டச் சொன்னேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "எந்திரிச்சி எண்ணெய்ச் சட்டிய எறக்கிட்டு, கடைக்கி ஓடிறீங்களா?" என்றாள். பகரம், மகரம், வகரம் ஒன்றும் இல்லை. உகரத்தையும் ஓகாரத்தையும்கூட ஓடுகிற ஓட்டத்தில்தான் போட்டாள். சிவப்பிரகாசர் கேட்டிருந்தால் போட்டியை வாபஸ் வாங்கியிருப்பார். நான் கடைக்குப் போனேன்.

எழுத்து விளையாட்டில் இந்த மாவட்டத்துக்கே சொந்தமானது ஒன்று இருக்கிறது. மலாயில் மின்மினி 'கெலிப்-கெலிப்'. 1972-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் இரட்டைக் கிளவியை இரண்டு முறை எழுதமாட்டார்கள். ஒருமுறை எழுதி, பக்கத்தில் 2 என்று எண் போடுவார்கள். கெலிப்2. எழுத்துக்கு நடுவில் எண் வருவது பலகாரக் கணக்கு மாதிரி இருக்கிறதென்று அப்போது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். சீர்திருத்தம் அதை நீக்கியது. கைப்பேசி வந்தது, சோம்பேறித்தனம் திரும்பியது, இன்று என் மகளின் மலாய்க் குறுஞ்செய்திகளில் அந்த 2 பழையபடி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கெலிப்2, கம்போங் குவாந்தானில் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து ஒரே தாளத்தில் மின்னி அணைகின்றன. கிறிஸ்துமஸ் மரத்து விளக்குச் சரத்தை யாரோ இங்கே பார்த்துத்தான் செய்திருக்கவேண்டும் என்பது என் ஆராய்ச்சி முடிவு. ஆதாரம் கேட்காதீர்கள்.

கோலா சிலாங்கூருக்கு வருகிறவர்கள் மழையில்லாத, நிலா இல்லாத இரவாகப் பார்த்து வாருங்கள். படகில் ஏறியதும் கைப்பேசியை அணைத்துவிடுங்கள், படம் எடுக்க விளக்கடிக்காதீர்கள்; வெளிச்சம் பட்டால் அந்தப் பூச்சிகளுக்கு ஆகாது. பண்டிகைச் சிலேடை ஏதும் தோன்றினால் கரையேறியபின் எனக்கு அனுப்புங்கள். விளக்கம் சேர்த்தே அனுப்புங்கள். எனக்குப் புரிந்துவிடும், வீட்டில் கேட்பார்கள்.